வயிற்றுக்கு எது சேரவில்லை: கூரியரில் வரும் கிட்டா, மூச்சுப் பரிசோதனையா, ஒரு நோட்டா?

காலையில் சாப்பிட்ட சாம்பார் இட்லி மதியம் வரை உப்புசமாக நிற்கிறது. சாயங்கால டீக்குப் பிறகு வயிறு கடமுடா என்கிறது. கல்யாண விருந்து என்றால் மறுநாள் வெளியே கிளம்பவே யோசனையாக இருக்கிறது. இப்படி இருப்பவர்களுக்கு வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இன்று வழிகளுக்குக் குறைவில்லை. விரலில் குத்தி ரத்தச் சொட்டை அனுப்பும் கிட் வீட்டு வாசலுக்கே வருகிறது. முடியை அனுப்பச் சொல்கிறார்கள், எச்சிலை அனுப்பச் சொல்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் மூச்சை ஊதச் சொல்கிறார்கள். இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாமே ஒரு நோட்டு போட்டு எழுதிக் கண்டுபிடிப்பதும் ஒரு வழி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் நோட்டு. அதற்குப் பிறகும் தெளியாவிட்டால் மூச்சுப் பரிசோதனை. ரத்தச் சொட்டு கிட்டுக்கு இந்த வரிசையில் இடமே இல்லை. விளம்பரங்களில் அதிகம் கண்ணில் படுவது கிட்தான் என்பதால், ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். இறால், வேர்க்கடலை, முட்டை, பால் என்று எதையாவது சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்துக்குள்ளோ உதடு வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, தொண்டை இறுகுவது, மூச்சு இழுப்பது, இதெல்லாம் அலர்ஜி. ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் செய்கிற வேலை அது. துளி அளவே போதும், உயிருக்கு ஆபத்தாகலாம். ‘கொஞ்சூண்டு சாப்பிட்டுப் பார்ப்போமே’ என்பது அங்கே கூடவே கூடாது. மூச்சு இழுத்தால் 108-ஐ அழைக்க வேண்டும், பிறகு அலர்ஜி டாக்டரைப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல. நாம் பேசுவது அளவைப் பொறுத்த தொல்லை பற்றி. டீயில் உள்ள பால் ஒன்றும் செய்யாது, ஒரு டம்ளர் பால் குடித்தால் வயிறு ஊதும். சில மணி நேரம் கழித்து வரும், பெரும்பாலும் வயிற்றோடு நிற்கும், படுத்தும், ஆனால் உயிருக்கு ஆபத்து செய்யாது.

சரி, கிட்டுக்கு வருவோம். வாலாஜாவில் இருக்கும் எங்கள் அண்ணி இப்படி ஒரு கிட்டைச் சில ஆயிரம் கொடுத்து வாங்கினார். ரிப்போர்ட் போனில் வந்தது. பக்கம் பக்கமாக உணவுப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு கோடு. பச்சை, மஞ்சள், சிவப்பு. அவர் போனை என்னிடம் நீட்டி, “அரிசி சிவப்பு, தயிர் சிவப்பு, துவரம்பருப்பும் சிவப்பு. அப்போ நான் என்னத்ததான் சாப்பிடறது தம்பி?” என்றார். பச்சையில் இருந்தவற்றைப் பார்த்தேன். அவகாடோ, சால்மன் மீன், புளூபெர்ரி. அவர் வீட்டுக்குள் வந்தே இராதவை. “அண்ணி, நீங்க தினம் சாப்பிடறதெல்லாம் சிவப்புல இருக்கு, சாப்பிடவே சாப்பிடாதது பச்சையில இருக்கு, பாருங்க” என்றேன்.

இது தற்செயல் இல்லை. இந்தக் கிட்கள் அளப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை. நாம் சாப்பிடும் உணவின் புரதத் துணுக்குகள் சிறிதளவு குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்கு வருவது இயல்பு. உடம்பு அவற்றைப் பார்த்து ஐஜிஜி-யை உண்டாக்கி வைத்துக்கொள்வதும் இயல்பு. அடிக்கடி சாப்பிடுவதற்கு அதிகம் இருக்கும். இன்னும் ஒரு விஷயம் உண்டு. வேர்க்கடலை அலர்ஜி உள்ள குழந்தைகளுக்கு மருத்துவக் கண்காணிப்பில் துளித்துளியாகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சையில், உடம்பு பழகப் பழக ஐஜிஜி4 என்ற வகை ஏறுகிறது. அதாவது அது உடம்பு ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகவே இருக்கலாம். அதைத்தான் ரிப்போர்ட் சிவப்பில் காட்டுகிறது. ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் சங்கம் 2008-இலும், கனடா சங்கம் 2012-இலும், உணவு சேராமையைக் கண்டுபிடிக்க இந்தப் பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாகவே அறிவித்துவிட்டன. அமெரிக்கச் சங்கத்தின் நிலைப்பாடும் அதுவே.

எனக்கு இதைவிடப் பெரிய காரணமாகப் படுவது வேறு. நம் பக்கத்து வயிறுகளை அதிகம் படுத்துபவை எவை? பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை, வெங்காயம் பூண்டில் உள்ள ஃப்ரக்டான், பருப்பில் உள்ள கேலக்டோ-ஒலிகோசாக்கரைடு. மூன்றுமே மாவுச்சத்து குடும்பத்தைச் சேர்ந்தவை. ஐஜிஜி கிட் பார்ப்பது புரதங்களுக்கு எதிரான சுவடுகளை. ஆக, அதிகம் சந்தேகப்பட வேண்டியவை அதன் கண்ணிலேயே படாது. கிட்டில் பால் பச்சையாக வந்தாலும் உங்களுக்கு லாக்டோஸ் செரிக்காமல் இருக்கலாம், சிவப்பாக வந்தாலும் நன்றாகவே செரிக்கலாம்.

‘ஆனால் கிட் சொன்னபடி நிறுத்தினேன், வயிறு சரியாகிவிட்டது’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. இருபது முப்பது உணவுகளை ஒரே வீச்சில் நிறுத்தினால் உண்மையான குற்றவாளியும் அந்தக் கூட்டத்தில் மாட்டியிருப்பான். வெளிச்சாப்பாடும் நின்றிருக்கும், இரவு நேரத்தோடு சாப்பிட்டிருப்பார்கள். சிக்கல் என்னவென்றால், ஒன்றுக்காக முப்பதை இழக்கிறோம். அண்ணியும் தயிரையும் பருப்பையும் ஒன்றாக விட்டார். எங்கள் வீடுகளில் பெண்கள் தட்டில் புரதமும் கால்சியமும் வருவது பெரும்பாலும் அந்த இரண்டிலிருந்துதான். முகம் வாடி இளைத்துப்போனார். குழந்தைகளுக்கு இப்படி ஒரு ரிப்போர்ட்டை நம்பி உணவை வெட்டுவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

முடியை அனுப்பும் பரிசோதனைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முடி என்பது கெரட்டின் என்ற புரதம், உயிரற்றது. பால் செரிக்கிறதா என்பதை அதில் பார்த்துச் சொல்ல எந்த வழியும் இல்லை. காசைக் கொடுக்காதீர்கள்.

எச்சில் மரபணுப் பரிசோதனை அப்படியில்லை, அறிவியல் உள்ளது. லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் என்சைம் வளர்ந்த பிறகும் தொடருமா, குறையுமா என்பதை ஒரு மரபணு இடத்தை வைத்துச் சொல்லலாம். ஆனால் தென்னிந்தியர்களில் அது குறைகிறவர்கள் வட இந்தியர்களைவிட அதிகம் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். ‘உங்களுக்கும் குறையும் வகைதான்’ என்று காசு கொடுத்துத் தெரிந்துகொண்டாலும், எத்தனை மில்லி பால் தாங்கும் என்பதை அது சொல்லாது. நமக்கு வேண்டியது அந்தக் கணக்குதான்.

மூச்சுப் பரிசோதனை அடுத்த படி. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனால் அங்கே உள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கின்றன. அதில் உண்டாகும் ஹைட்ரஜன் ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வெளியே வருகிறது. நம் உடம்பு தானாக ஹைட்ரஜன் உண்டாக்காது, அதனால் மூச்சில் அது ஏறினால் பாக்டீரியா வேலை செய்கிறது என்று அர்த்தம். முதல் நாள் இரவு பருப்பு, காய், பழம், பால் இல்லாமல் சாப்பிட வேண்டும். வெறும் வெள்ளைச் சோறும் கொஞ்சம் கோழியோ முட்டையோ என்றால் நல்லது, ஏனென்றால் தானியங்களில் அரிசிச்சோறுதான் மிகக் குறைவான வாயுவை உண்டாக்குவது. வெறும் வயிற்றோடு போய் முதலில் ஊத வேண்டும். அப்புறம் லாக்டோஸ் கரைசலைக் குடித்துவிட்டு, அரை மணிக்கு ஒரு தரம் என்று மூன்று மணி நேரம் வரை ஊத வேண்டும். ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் 20 பங்கு ஏறினால் பாசிட்டிவ். சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தால் நான்கு வாரம் தள்ளிப் போடுவார்கள். சிலருடைய குடலில் ஹைட்ரஜனுக்குப் பதில் மீத்தேன் உண்டாகும், அவர்களுக்கு ஹைட்ரஜனை மட்டும் பார்த்தால் ஏமாற்றிவிடும்.

ஆனால் அதில் கொடுக்கும் லாக்டோஸ் 25 கிராம் அல்லது 50 கிராம். பசும்பாலில் 100 மில்லிக்கு 5 கிராமுக்குச் சற்றுக் குறைவாக லாக்டோஸ் இருக்கிறது. அப்படியானால் அரை லிட்டரோ ஒரு லிட்டரோ பாலை வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் குடித்ததற்குச் சமம். நம் கடை டீயில் விழும் பால் ஐம்பது அறுபது மில்லி, லாக்டோஸ் மூன்று கிராம் போல. பரிசோதனை பாசிட்டிவ் என்றதும் டீயை விட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு அவசியமே இல்லை. லாக்டோஸ் செரிக்காதவர்களிலும் பெரும்பாலானோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை, அதாவது ஒரு பெரிய டம்ளர் பால் வரை, தாங்குகிறார்கள் என்பதே பொதுவான கணக்கு.

வீட்டிலேயே ஊதிப் பார்க்கும் கையடக்கக் கருவிகளும் வந்துவிட்டன. தத்துவம் சரிதான். ஆனால் அன்றைக்கு என்ன சாப்பிட்டோம், முதல் நாள் என்ன சாப்பிட்டோம் என்ற ஒழுங்கு இல்லாமல் ஊதினால் எண்கள் மட்டும்தான் மிஞ்சும். அந்த ஒழுங்கு வர நோட்டு வேண்டும். நோட்டு இருந்தால் முக்கால்வாசிப் பேருக்குக் கருவியே தேவைப்படாது என்பது என் எண்ணம்.

கோதுமை விஷயம் தனி. சீலியாக் என்ற நோயில் கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலையே சேதப்படுத்துகிறது. அதற்கு டிடிஜி-ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை உண்டு, இது ஐஜிஜி கிட்டைப் போன்றது அல்ல, நம்பத்தக்கது. பாசிட்டிவ் என்றால் எண்டோஸ்கோபி செய்து உறுதிப்படுத்துவார்கள். வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்து 2016-இல் வெளியான ஆய்வில், இந்த ரத்தச் சுவடு வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87 சதவீதம், தெற்கில் 0.10 சதவீதம். ஆகவே தலைமுறையாகச் சோறும் கேழ்வரகுக் களியும் சாப்பிட்டு வந்த ஆற்காட்டுக் குடும்பத்தில் சீலியாக் அபூர்வம். சிகிச்சைக்காக வந்து காந்தி ரோடு லாட்ஜ்களில் தங்கும் வட மாநிலத்தவருக்கும், இங்கேயே வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பங்களுக்கும் அதே கணக்கைப் போட முடியாது. யாராக இருந்தாலும் ஒன்று முக்கியம்: பரிசோதனை முடியும் வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டால் ரத்தத்தில் சுவடு மறைந்துவிடும், நோய் இருந்தும் இல்லை என்று வரும்.

சீலியாக் இல்லை, ஆனாலும் பரோட்டா சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது என்பவர்கள் நிறைய. நார்வேயில் 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. குளூட்டன் சேராது என்று நம்பிய 59 பேருக்கு, எது எதில் என்று சொல்லாமல், குளூட்டன் சேர்த்த தின்பண்டம், ஃப்ரக்டான் சேர்த்தது, எதுவும் சேர்க்காதது என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அதிகம் படுத்தியது ஃப்ரக்டான். கோதுமையில் இரண்டும் இருக்கிறது, பழி மட்டும் குளூட்டன் மேல் விழுகிறது. பரோட்டாவோடு ஊற்றும் சால்னாவில் வெங்காயமும் பூண்டும் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள்.

இனி நோட்டு. முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். சாப்பிட்டது, நேரம், அளவு, வயிறு என்ன செய்தது, எத்தனை மணிக்கு, இதை மட்டும் எழுதுங்கள். மாத்திரைகளையும் எழுதுங்கள். சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் பலருக்குப் பேதியும் உப்புசமும் கொடுக்கும். மெக்னீசியம் கலந்த அசிடிட்டி மருந்து வயிற்றை இளக்கும். ‘சுகர் ஃப்ரீ’ மிட்டாய்களில் இருக்கும் சார்பிட்டாலும் அப்படித்தான். இதையெல்லாம் எழுதாமல் சாம்பாரைக் குறை சொல்வது நியாயமில்லை.

எழுதினால்தான் தெரியும் விஷயங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணி, அன்று இரவு வயிறு உப்புசம். ‘எனக்கு மட்டன் சேராது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். இலையில் என்னென்ன இருந்தது? சீரகச் சம்பா சோறு, கறி, பக்கத்தில் தயிர் வெங்காயப் பச்சடி, எண்ணெய்க் கத்திரிக்காய், தால்சா. பச்சை வெங்காயமும் பருப்பும்தான் வாயுவுக்குப் பேர்போனவை, கறியில் புளிக்கக்கூடிய மாவுச்சத்தே கிடையாது. அடுத்த முறை பச்சடியும் தால்சாவும் இல்லாமல் அதே பிரியாணியைச் சாப்பிட்டுப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும்.

ஒரு வாரத்தில் சந்தேகம் ஒன்றிரண்டின் மேல் குவியும். அதில் ஒன்றை மட்டும் இரண்டு வாரம் நிறுத்துங்கள். நிறுத்துவதில் கொஞ்சம் நுணுக்கம் இருக்கிறது. வெங்காயத்தை நிறுத்துவது என்றால் சாம்பாரில் மிதக்கும் வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவது அல்ல. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், குழம்பில் இறங்கியிருக்கும். எண்ணெயில் கரையாது. அதனால் பூண்டை எண்ணெயில் வதக்கி, பூண்டை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை கிடைக்கும், தொல்லை இருக்காது. பெருங்காயமும் கைகொடுக்கும். சீலியாக் உள்ளவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும், கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பது வழக்கம். பருப்பைப் பொறுத்தவரை, நன்றாக ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் கொஞ்சம் குறையும்.

பாலில், ஆவின் பச்சை பாக்கெட்டிலிருந்து நீலத்துக்கு மாறுவதால் லாக்டோஸ் குறையாது, மாறுவது கொழுப்புதான். ஏ2 பாலிலும் லாக்டோஸ் அதே அளவு. நன்றாகப் புளித்த தயிரும் நீர்மோரும் பாலைவிட எளிதாகச் செரிக்கும், ஏனென்றால் பாக்டீரியாவே கொஞ்சம் லாக்டோஸைத் தின்றுவிட்டிருக்கும். ஆற்காடு மக்கன் பேடாவில் கோவா இருக்கிறது, பாலோடு லாக்டோஸும் சுண்டி நிற்கும். ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டு வாரம் முடிந்தது, வயிறு லேசாகிவிட்டது. பெரும்பாலானவர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. நிறுத்தியதைத் திரும்பக் கொண்டுவருவதுதான் உண்மையான பரிசோதனை. பால் என்றால் முதல் நாள் 50 மில்லி, அடுத்த நாள் 100, அதற்கடுத்த நாள் 200. எந்த அளவில் வயிறு பேச ஆரம்பிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக்குக் கீழே நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம். எந்தக் கிட்டும் இந்த எண்ணைத் தராது.

மனசு வயிற்றை ஆட்டிவைக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1995-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், பால் தங்களுக்குக் கொஞ்சமும் ஆகாது என்று சொன்ன 30 பேருக்கு ஒரு வாரம் சாதாரணப் பாலும் ஒரு வாரம் லாக்டோஸ் நீக்கிய பாலும் தினம் 240 மில்லி கொடுத்தார்கள், எது என்று சொல்லாமல். இரண்டு வாரத்துக்கும் இடையே தொல்லையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அவர்களில் 9 பேருக்கு லாக்டோஸ் நன்றாகவே செரித்தது.

இதை நம் வீட்டிலேயே செய்யலாம். அமுல் போன்ற நிறுவனங்களின் லாக்டோஸ் இல்லாத பால் பாக்கெட் கிடைக்கிறது. அது இயல்பிலேயே சற்று இனிக்கும், அதனால் இரண்டிலும் காபித் தூளும் சர்க்கரையும் போட்டுவிட வேண்டும். அண்ணி வீட்டில் பையன்தான் கலந்தான். எந்த நாளில் எந்தப் பால் என்று அவன் தன் நோட்டில் எழுதினான், வயிறு எப்படி என்று அண்ணி அவருடைய நோட்டில் எழுதினார். கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். காலை மாலை காபி அளவுக்கு எந்தப் பாலாக இருந்தாலும் ஒன்றுதான். படுக்கப்போகும்போது குடிக்கும் பெரிய டம்ளர் சாதாரணப் பால் மட்டும் ஒவ்வொரு முறையும் படுத்தியிருந்தது. அந்த ஒரு டம்ளர் போனது. தயிரும் பருப்பும் தட்டுக்குத் திரும்பின.

ஒன்றை நிறுத்தியும் தெளிவு வராவிட்டால், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்த ஃபாட்மேப் முறை இருக்கிறது. வாயுவை உண்டாக்கும் எல்லா வகைகளையும் ஒன்றாக 2 முதல் 6 வாரம் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவருவது. நம் ஊர்ச் சமையலில் இது கடினம், டயட்டீஷியன் துணையோடு மட்டும் செய்யுங்கள். ஆயுசுக்கும் அப்படியே இருப்பதற்கான முறை அல்ல அது.

நோட்டு போட்டுக்கொண்டு உட்காரக் கூடாத நிலைமைகளும் உண்டு. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, விடாத காய்ச்சல் அல்லது வாந்தி, ரத்தசோகை, ஐம்பது வயதை ஒட்டிப் புதிதாக ஆரம்பித்த தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய். இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக டாக்டரிடம் போங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ சி.எம்.சி.யோ, எங்கே வசதியோ அங்கே. குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள், இவர்களும் தாமாக எதையும் நிறுத்த வேண்டாம். கடும் பேதிக்குப் பிறகு சில வாரம் பால் சேராமல் இருப்பது குடல் சுவர் ஆறும்வரைதான், அதை நிரந்தரம் என்று நினைக்க வேண்டாம். ஜியார்டியா போன்ற கிருமிகளும் இதே மாதிரி வாயுவும் உப்புசமும் கொடுக்கும், சாதாரண மலப் பரிசோதனையே அதைக் காட்டிக்கொடுக்கலாம்.

டாக்டரிடம் போகும்போது நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். கூட்டத்தில் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ‘எது சாப்பிட்டாலும் ஒரு மாதிரி இருக்கு டாக்டர்’ என்று ஆரம்பித்தால் அந்த நேரம் அதிலேயே போய்விடும். முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதி வையுங்கள்: எப்போதிலிருந்து, எதை நிறுத்தினால் குறைகிறது, திரும்பச் சாப்பிட்டால் எந்த அளவில் வருகிறது. சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.